பண்டத்தரிப்புக்குப் போன போத்தல்

படத்தைப் போட்டது நான்தான். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் அறைக்குள் கட்டைவிரல் பருமனில் கன்னங்கரேலென்று ஒன்று பறந்து வந்தது. மின்விசிறியில் அடிபடாமல் தப்பி, அலுமாரிக் கண்ணாடியில் இரண்டு தரம் மோதி, கடைசியில் யன்னல் சீலையில் தொங்கியது. கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கும் என் தம்பி அதைப் படம் பிடித்துத் தந்தான். நான் அதை எங்கள் வகுப்புக் குழுவில் போட்டு, தெரியாதவள் போல இது என்ன என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேள்வி கேட்டால் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் எல்லோரும் முந்தியடித்துக்கொண்டு பதில் எழுதினீர்கள். ஒருத்தி பொன்வண்டு என்றாள். அதில் பொன் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? இன்னொருத்தி செருப்பை எடு என்றாள். பிறகு ஒருத்தி இப்படி எழுதினாள்: "குளவி போலக் கிடக்கு. வீட்டிலை ஆருக்கடி விசேஷம்?" பக்கத்தில் ஒரு வரிசை சிரிப்பு முகங்கள்.

அறுபதைத் தாண்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது? நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கிறேன். குசினிக்குப் போய், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வருகிறேன். இதை எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது. வாசித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக என் தம்பி காதுக்குப் போகக் கூடாது.

குருநகரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இடையில் வந்து நம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குளவி வீட்டுக்குள் வந்து கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி என்பார்கள். கூட்டை உடைக்கக் கூடாது. அது யார் என்று தெரியாவிட்டால், தெரியும்வரை அயலுக்கு நித்திரை வராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சோளகம் எழும்பி வீசிக்கொண்டிருந்த காலம். அந்தக் காற்று உங்களுக்கு நினைவிருக்கும். சோற்றுக்குள் மண், தலைமயிருக்குள் மண், உதட்டை நக்கினால் உப்பு. யன்னல் கொழுக்கி பகல் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். கடலுக்குப் போக முடியாத நாட்களில் அப்பாவும் அண்ணையும் வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு திரிவார்கள். அண்ணைக்கு மீசை வந்துவிட்டது. தன் பாட்டில் வள்ளம் கொண்டுபோகிற ஆள். அவனுக்கும் எனக்கும் இடையில் பெரிய இடைவெளி. நான் பிறந்தபோதே ஊர் வாய்க்குள் சிரித்தது என்று அம்மா பிற்காலத்தில் ஒரு தரம் சொல்லியிருக்கிறா.

எங்களோடு சின்னம்மாவும் இருந்தா. அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத அவவை அம்மாதான் வளர்த்தா. கிழிந்த வலையைச் சின்னம்மா பொத்துகிற வேகத்தை ஆண்களே நின்று பார்ப்பார்கள். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். வாய்க்காரி. அப்படிப்பட்டவவுக்குப் பண்டத்தரிப்பில், வெங்காயமும் புகையிலையும் செய்கிற, எங்களைப் போலவே வேதக்கார வீட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து பொருந்தியிருந்தது. கடற்கரைப் பெண்ணைத் தோட்டக்காரர் கேட்டு வருவது லேசான காரியம் இல்லை. கோயிலில் கலியாண அறிவித்தல் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சுவாமி வாசிக்கும்போது சின்னம்மா முக்காட்டுக்குள் என் தொடையைக் கிள்ளுவா. இன்னும் ஒரு ஞாயிறுதான் மிச்சம்.

நானும் சின்னம்மாவும் ஒரே அறையில் படுப்போம். அந்த அறையில் உடுப்புப் போடுவதற்கு, வள்ளத்தை ஊன்றித் தள்ளுகிற பழைய மூங்கில் கோல் ஒன்றை இரண்டு கயிற்றில் குறுக்கே தொங்கவிட்டிருந்தார் அப்பா. அந்தக் கோலில்தான் அது வந்து குடியேறியது. முதலில் சத்தம்தான். தூரத்தில் மோட்டார் வள்ளம் போகிறது மாதிரி ஒரு முழக்கம், ஆனால் அறைக்குள்ளே. பிறகு பார்த்தால் சின்னம்மாவின் கலியாணச் சட்டையில் மஞ்சளாக ஏதோ மா உதிர்ந்து கிடந்தது. மேலே மூங்கிலில் துறப்பணத்தால் போட்டது போல வட்டமாக ஒரு ஓட்டை. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பின்பக்கமாக வெளியே வந்து, யன்னல் வெளிச்சத்தில் செட்டை ஊதாவாக மினுங்க, எங்கள் இருவருடைய தலையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனது. நான் கட்டிலுக்குக் கீழே. சின்னம்மா கட்டிலுக்கு மேலே நின்று கைகொட்டிச் சிரித்தா.

வீடே கூடி ஆராய்ந்தது. அப்பாவுக்கு ஒரு செதிளைக் காட்டினால் போதும், மீனின் பெயரைச் சொல்லுவார். இதைப் பார்த்துத் தாடியைச் சொறிந்தார்.

"கடலுக்குள்ளை கிடந்தால் சொல்லுவன். உது பறக்குதே," என்றார்.

"வண்டு," என்றான் அண்ணை.

"இவ்வளவு பெரிய வண்டோ? குத்தினால் ஆள் முடிஞ்சுது," என்றார் அப்பா.

அம்மா வாசலில் நின்றா. உள்ளே வரவில்லை. "ஆராவது உதைக் கலையுங்கோவன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டா.

கலைப்பதற்குள் பக்கத்து வீட்டு மாமி வந்துவிட்டா. மாமி வந்தது புளி கேட்டு. ஆனால் மாமியின் கண் புளியோடு நிற்காது. அறைக்குள் எட்டிப் பார்த்தா. கோலைப் பார்த்தா. கன்னத்தில் கையை வைத்தா.

"எடியே, குளவியெல்லே வீடு கட்டுது!"

"குளவி எண்டால் மண்ணெல்லே கொண்டுவரும் மாமி. உது மா," என்றான் அண்ணை.

"உது மாவாலை கட்டுற சாதி, உனக்கென்ன தெரியும்?" என்று மாமி ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, வாளியோடு உள்ளே வந்த அம்மாவைப் பார்த்து இடுப்பில் இடித்தா. "என்னடி, சொல்லாமல் கொள்ளாமல்?"

பகிடிதான். வேறொரு நாள் என்றால் அம்மா திருப்பி ஒரு பகிடி விட்டிருப்பா. அன்றைக்கு அம்மாவின் முகம் கறுத்தது. வாளியை நிலத்தில் தொம்மென்று வைத்தா.

"எனக்கில்லை! தோளுக்கு மேலை வளர்ந்த பெடியனை வைச்சுக்கொண்டு இந்த வயசிலை... என்ன கதை கதைக்கிறாய் நீ?"

மாமியின் சிரிப்பு நின்றது. அம்மாவுக்கு இல்லை என்றால்? நான் ஒன்பது வயதுக் குஞ்சு. வீட்டில் வேறு யார் பெண்? மாமி மெதுவாகத் திரும்பிச் சின்னம்மாவின் வயிற்றைப் பார்த்தா. புளியை மறந்துவிட்டுப் போய்விட்டா. அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. ஆனால் சின்னம்மாவுக்கு விளங்கிவிட்டது. அவ கலியாணச் சட்டையை எடுத்து, அதில் கிடந்த மாவை உதறத் தொடங்கினா.

அந்தச் சோளகத்தில் அம்மாவும் ஓரிடத்தில் இருந்ததில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் அள்ளி முடிந்ததும் மாமி வீட்டுக்கும் அள்ளினா. கடற்கரையிலிருந்து கடகம் கடகமாக மணல் சுமந்து வந்து முற்றத்தில் கொட்டினா. அண்ணை தூக்கப் போனால் சீறி விழுந்தா. கோயிலில் சற்பிரசாதம் வாங்க எல்லோரும் எழும்பிப் போக, அம்மா மட்டும் இருக்கையிலேயே தலைகுனிந்து இருந்தா. முழங்கால் வலி என்று நான் நினைத்தேன். மணல் சுமக்கிறவவுக்கு என்ன முழங்கால் வலி என்று நினைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் அம்மா குந்தியிருந்து எதையோ உப்பில் தொட்டுத் தின்பதைக் கண்டேன். பப்பாசிக்காய். பழம் அல்ல, பால் வடிகிற பச்சைக் காய். மாங்காய் மாதிரி இருக்கும் என்று நினைத்து நானும் கை நீட்டினேன். அம்மா என் கையில் பளீரென்று அடித்தா. அவ என்னை அடிக்கிற ஆள் இல்லை. "உனக்கு வேண்டாம், போ," என்றா. கண் கலங்கியிருந்தது. நான் கோபித்துக்கொண்டு போனேன். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே சாக்கில் இன்னும் நாலைந்து காய் கிடந்தது. கள்ளத்தீனி தின்கிற அம்மா என்று எனக்கு அவவில் சரியான எரிச்சல்.

பிள்ளை பெற்றவர்கள் நீங்கள். இந்நேரம் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

வியாழக்கிழமை கோயில் சங்கிலித்தாம் வந்தார். பூசைக்கு மணி அடிக்கிற, சுவாமிக்கு உதவியாக நிற்கிற மனிதர். சோகச் செய்தி என்றால் தொப்பியைக் கையில் எடுத்துவிடுவார். அன்று தொப்பி கையில் இருந்தது.

"மாப்பிள்ளை பகுதி மூன்றாம் அறிவித்தலைப் பொறுக்கட்டாம்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "குளவிக் கதை அங்கை வரைக்கும் போயிட்டுது."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அண்ணை மாமி வீட்டு வேலிப் பக்கம் போய்க் கத்தத் தொடங்கினான். அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. பொறுக்கச் சொன்னால் நின்றது என்றுதான் அர்த்தம். மூன்றாம் முறை வாசிக்கப்படாத பெண் ஊரில் எப்படி வாழ்வாள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கும்கூட.

சின்னம்மா எழும்பி ஒரு வெறும் ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தா. மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டா. அறைக்குள் போய், மூங்கில் ஓட்டையில் போத்தல் வாயை வைத்துக் கோலை மற்றப் பக்கத்தால் தட்டோ தட்டென்று தட்டினா. அது உறுமிக்கொண்டு போத்தலுக்குள் விழுந்தது.

"நாளைக்குப் பண்டத்தரிப்புக்குப் போறம்," என்றா. "அவை தோட்டக்காரர். பூச்சி புழுவோடை புழங்கிற ஆக்கள். குளவியோ இல்லையோ எண்டு அவையே பாத்துச் சொல்லட்டும்."

"பொம்பிளை நீ போறதோ? என்ன விசர்க்கதை?" என்றார் அப்பா.

"என்ரை கதை அத்தான். நான் வராமல் ஆர் வாறது?"

"குளவி எண்டு சொல்லிப்போட்டினம் எண்டால்?" இதைக் கேட்டது அம்மா.

சின்னம்மா போத்தல் மூடியை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினா.

பஸ்ஸில் போத்தல் என் மடியில். ஒரு பழைய துவாயால் சுற்றித் தந்திருந்தார்கள். துவாயைத் தாண்டி அதன் நடுக்கம் என் தொடையில் ஏறியது. பஸ் நிற்கும்போதெல்லாம் அதன் முழக்கம் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த மனிதர் என்ன என்று கேட்டார். குளவியோ வண்டோ தெரியாது, கேட்கத்தான் போகிறோம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் முன்பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மா வழியில் இரண்டு தரம் யன்னலால் தலையை நீட்டி ஓங்காளித்தா. வெயில், என்றா. சின்னம்மா அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டா.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் வெங்காயம் பரவிக் கிடந்தது. செம்மண் நிலம். அந்த மணமும் எங்களுக்குப் புதிது, எங்கள் மணமும் அவர்களுக்குப் புதிதாகத்தான் இருந்திருக்கும். மாப்பிள்ளையின் தாய் எங்களை விறாந்தையில் இருத்தினா. பெண்ணே நேரில் வந்து நிற்பதைக் கண்டு திகைத்தவ, ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. தேத்தண்ணி வந்தது. யாரும் தொடவில்லை.

"எங்களுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளையள்," என்றா அந்தத் தாய். "ஊர் கதைக்குது. நாளைக்கு என்ரை மோன் தலைகுனியக் கூடாது, அவ்வளவுதான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் பூச்சியைக் கொண்டந்திருக்கிறம்," என்றார். இதைச் சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. என்னைப் பார்த்துக் கண் காட்டினார். நான் துவாயை அவிழ்க்கத் தொடங்கினேன். முடிச்சு இறுகியிருந்தது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். சின்னம்மாவின் உதடு அசைந்தது, செபம் சொல்லிக்கொண்டிருந்தா.

அப்போதுதான் அம்மா எழும்பினா.

"நீங்கள் போத்தலைப் பாக்க முதல் நான் ஒண்டு சொல்லவேணும். உது குளவியாக இருந்தால், அது எனக்குத்தான். எனக்கு நாலாம் மாதம் நடக்குது. என்ரை தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை."

போத்தலுக்குள் அது மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தார். அவருக்கே தெரியாது என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தூணைப் பார்த்துக்கொண்டு நின்றா.

மாப்பிள்ளையின் தாய் என் மடியிலிருந்து போத்தலை எடுத்தா. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தா. ஒரு கணம்தான்.

"உது குளவி இல்லைப் பிள்ளை," என்றா. "கருவண்டு. எங்கடை மாட்டுக் கொட்டில் வளைமரம் முழுக்க உதின்ரை ஓட்டைதான். குளவிக்கு இடுப்பு நூல்போலை கிடக்கும். உதுக்கு இடுப்பு எங்கை கிடக்கு?" போத்தலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தா. "நாலு மாதம் எண்டு சொல்லிப்போட்டு நிண்டுகொண்டிருக்கிறாய். முதலிலை இந்தக் கதிரையிலை இரு."

சின்னம்மாதான் முதலில் சிரித்தா. பிறகு மாப்பிள்ளையின் தாய், பிறகு அப்பா, அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை. "ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதே, மனுசி!" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், என்னத்துக்கு என்று தெரியாமலே. அம்மா மட்டும் கதிரையில் இருந்து அழுதா. திடீரென்று சின்னம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவையே பார்த்தா. அவ மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்கு இப்போது தெரியும்: தண்ணீர் வாளி, மணல் கடகம், கட்டிலுக்குக் கீழே இருந்த சாக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். சின்னம்மா அம்மாவின் கையை வழி முழுக்க விடவில்லை.

"பிள்ளைக்குத் தொட்டம்மா நான்தான்," என்றா. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்துகிறவவை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். "கேட்டுதோ அக்கா? நான்தான். இனி நீ ஒண்டும் செய்யக்கூடாது."

அம்மா தலையாட்டினா. தண்ணீர் அள்ளக்கூடாது என்று சொல்லுகிறா என்று நான் நினைத்தேன். சரிதானே, இனி எனக்குத்தான் அந்த வேலை வரப்போகிறது என்று கவலைப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா உடுப்புக்கூட மாற்றாமல் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே குனிந்து அந்தச் சாக்கை இழுத்தெடுத்தா. பப்பாசிக்காய் எல்லாவற்றையும் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி ஆட்டுக்குப் போட்டா. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா, தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் அறிவித்தல் வாசித்தார்கள். அன்றைக்கு அம்மா பூசைக்கு முன்பே போய்ச் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, எல்லோருக்கும் முன்னால் நடந்து போய்ச் சற்பிரசாதம் வாங்கினா. மாமி கடைக்கண்ணால் அம்மாவின் வயிற்றைப் பார்த்தா. பார்க்கட்டும் என்று அம்மா சேலையை இழுத்துவிடாமலே நடந்தா.

மாரி மழையில் தம்பி பிறந்தான். தொட்டம்மா பண்டத்தரிப்பிலிருந்து ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்து அவனைக் கையில் ஏந்தினா. சாகும்வரை தன் பிள்ளைகளைவிட அவனில்தான் உயிராக இருந்தா. அம்மாவும் அப்படித்தான். அவனுக்குச் சின்னக் காய்ச்சல் வந்தாலே அம்மாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். கடைக்குட்டி என்பதால் செல்லம் என்று நினைத்து எனக்குக் கொஞ்ச நஞ்சப் பொறாமை இல்லை. என் வயிற்றில் பிள்ளை வந்து, பெரியவர்கள் பப்பாசியைத் தொடாதே என்று சொன்ன அன்றுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகப் பொருந்தியது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? அந்த நாலு மாதமும் அவ எவ்வளவு தனியாக இருந்திருப்பா!

எங்கள் குடும்பத்தில் இது பகிடிக் கதை. வண்டைக் குளவி என்று நினைத்து அவசரப்பட்டு வாய்விட்ட அம்மாவின் கதை. அப்பா கலியாண வீடுகளில் சொல்லுவார். தம்பி கனடாவில் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறான். அந்தக் கதையில் பப்பாசிக்காய் இல்லை.

செவ்வாய்க்கிழமை தம்பி செல்போனைத் திருப்பிக் காட்டினான். அதுவே இது கருவண்டு என்று கண்டுபிடித்து, இங்கிலீசில் நீளமாக ஒரு பெயரும் சொன்னதாம். உங்கள் எல்லோரையும்விட அது கெட்டி. பிறகு யன்னல் சீலையில் தொங்கியதைப் பார்த்துச் சிரித்தான். அம்மாவின் அதே பல்.

"அக்கா, உதுதானே அந்த ஆள்? பாவம் அம்மா. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால், ஒண்டும் சொல்லாமலே தப்பியிருக்கலாம், என்ன?"

நான் எழும்பிப் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டேன். அது போக நேரமெடுத்தது. அதுவரைக்கும் நான் அவன் பக்கம் திரும்பவில்லை.